வழியனுப்பும் வரிசை

திரை விழுந்த கையோடு எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள்.

பார்வையாளர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் நடிகர்கள் வேஷத்தோடு வாசலில் வரிசையாக நின்றுவிட வேண்டும். ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்லி அனுப்ப வேண்டும். கடைசி ஆள் படியிறங்கும் வரை மேடையில் யாராக நடித்தார்களோ, இங்கேயும் அவராகவே நிற்க வேண்டும். குழுத் தலைவர் ஒகுமுராவிடம் அதில் மட்டும் தாட்சண்யம் கிடையாது.

ஜோவெலின் இன்று வாள்வீரன் சைஜிரோவாகச் செத்துப்போயிருந்தாள்.

இந்த ஜப்பானிய நாடகக் குழுவில் பெண்கள் ஆணாவதும் ஆண்கள் பெண்ணாவதும் வழக்கம்தான். ஆனால் கதாநாயகன் வேஷம் அவளுக்கு இதுதான் முதல் தடவை. முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு. மேல்நோக்கி இழுத்து ஒட்டிய கண்கள். குடுமி வைத்த பொய்முடி. மார்பை இறுக்கிய துணிக்குள் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

அரிசிக் கடை ஹிசாயோ அம்மாள் அவள் கையை விடவே இல்லை.

"யோவ் செத்தவனே, நாளைக்குக் கொஞ்சம் மெதுவா சாவுய்யா. மூக்கச் சிந்தக்கூட நேரம் குடுக்கல நீ."

ஜோவெலின் வாள்வீரனுக்குரிய அளவாகச் சிரித்தாள். மனம் மட்டும் பழக்கதோஷத்தில் மிச்சத்துக்குக் காத்திருந்தது.

ஆறு வருஷமாக அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளுக்கெல்லாம் ஒரு வால் இருந்தது. நல்லா ஆடறே, பிலிப்பைன்ஸ்காரிக்கு. நல்லா பேசறே, பிலிப்பைன்ஸ்காரிக்கு. சுவரொட்டியில் தன் ஊரைப் போட வேண்டாம் என்று இந்த முறை அவள்தான் தலைவரிடம் கேட்டுக்கொண்டாள். வெறும் மேடைப் பெயர். இந்த ஊருக்கு அவள் புதிது.

ஹிசாயோ அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வால் வரவில்லை.

அடுத்தவர் வந்தார். அவருக்கு அடுத்தவர் வந்தார். யாரிடமிருந்தும் வரவில்லை.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைத்தான் இன்னும் காணோம்.

அம்மா லூஸ் இன்று காலைதான் பிலிப்பைன்ஸின் டுமகேட்டேயிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். மகளை அவள் பார்த்து ஆறு வருஷம். ஆட்டம் முடிந்ததும் கீழே நூடுல்ஸ் கடையில் காத்திரு என்று மட்டும் ஜோவெலின் போனில் சொல்லியிருந்தாள். என்ன வேஷம் என்று சொல்லவில்லை. அம்மாவே கண்டுபிடிக்கட்டும்.

இளவயதில் அம்மாவும் இந்த நாட்டில் பாடியவள். நகோயாவில், குடிக்க வருகிறவர்களுக்கு முன்னால். அவர்களுடைய பாட்டையே, அவர்களைவிட நன்றாக. ஜோவெலின் பெட்டி கட்டிய அன்று அவள் கதவை மறித்து நின்றாள்.

"தொண்ட கிழியப் பாடினாலும் உன் மூஞ்சியத் தாண்டி எவனும் கேக்க மாட்டான்டி. நான் பாத்துட்டேன். உனக்கு என் குரல்கூடக் கிடையாது."

அதில் முதல் பாதியை ஜோவெலின் மன்னித்துவிட்டாள். இரண்டாவது பாதியைத்தான் ஆறு வருஷமும் தினம் காலையில் எழுந்து, ஆற்றங்கரையில் நின்று, கத்திக் கத்திப் பொய்யாக்கப் பார்த்தாள்.

இதோ, அம்மா.

கைக்குட்டையும் சிவந்த மூக்குமாக வந்தாள். வரிசையில் நின்ற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் தேடினாள். ஊதா கிமோனோவில் இருந்த ஒயிலான பெண்ணிடம் நின்று, தாடையைச் சாய்த்து, ஆசையோடு உற்றுப் பார்த்தாள். அது தலைவரின் மகன். அவன் வெட்கத்தோடு குனிந்தான். லூஸ் பெருமூச்சு விட்டு நகர்ந்தாள்.

ஜோவெலின் முன்னால் வந்து நின்று, அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

எதிரே தலைவர் நின்றார். அம்மாவுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். ஜோவெலின் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அம்மாவுக்கு இப்போது தெரிந்துவிடும். இதோ இப்போது.

"தம்பி," என்றாள் லூஸ், பழைய மரியாதையான ஜப்பானியத்தில். "சாகறப்போ பாடினீங்களே, எனக்கு நெஞ்ச அடச்சிடுச்சு. என்ன இருந்தாலும் இந்த ஊர் ரத்தத்துக்குத்தான் இந்தப் பாட்டு வரும்."

வெள்ளைப் பூச்சின் கீழே ஜோவெலினின் முகம் முழுவதும் சூடேறியது. குனிந்தாள்.

லூஸ் போகவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என் பொண்ணும் இந்தக் குழுவுலதான் இருக்கா. இன்னிக்கு மேடை ஏத்தல போலிருக்கு. உள்ள துணி மடிச்சிட்டு இருப்பா. பரவால்ல, அவ எந்த வேலைக்கும் சளைக்க மாட்டா."

கொஞ்சம் தயங்கினாள்.

"ஆனா அவ குரல் இருக்கே தம்பி, என்னுதவிட ஒசத்தி. சின்னப் புள்ளையிலயே எனக்குத் தெரியும். சொன்னாக் கிளம்பிருவாளேன்னு சொன்னதே இல்ல. ஒரே ஒரு நாள் அவளப் பாட விடச் சொல்லுங்க பெரியவர்கிட்ட. நீங்க சொன்னாக் கேப்பாரு."

சொல்லிவிட்டு லூஸ் இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். நகோயாவில் கற்றுக்கொண்ட வணக்கம். உச்சிநரை தெரிந்தது.

ஜோவெலின் அதைவிடத் தாழ்வாகக் குனிந்தாள். கண்ணீர் கன்னத்தில் கோடு இழுக்காமல் நேராகத் தரையில் சொட்டும் அளவுக்கு. நிமிர அவகாசம் எடுத்துக்கொண்டாள். வயிற்றின் அடியிலிருந்து சைஜிரோவின் குரலை எடுத்தாள்.

"நாளைக்கு மத்தியானக் காட்சியில பாடுவாங்க. அவசியம் வாங்க."

லூஸ் முகம் மலர்ந்து, அவள் கையை இன்னொரு முறை அழுத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினாள்.

ஜோவெலின் அடுத்தவரின் கையைப் பிடித்தாள்.