முதுகுப் பலகை

கத்தி இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனதும் காசில்டா குனிந்து பலகையின் விளிம்பைப் பார்த்தாள்.

கம்பிகளைக் கழற்றிய கிதார் மேசைமேல் குப்புறக் கிடந்தது. நூற்றைம்பது வயதைத் தாண்டிய பொருள். அதைச் செய்தவரின் கிதார்களில் இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

முதுகு சைப்ரஸ் மரம். அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பக்கப் பலகையோடு அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் வஜ்ஜிரப் பசை. சூடு காட்டினால் இளகிக் கத்திக்கு வழிவிடும். கத்தி மரத்தின் ரேகையோடு திரும்பிவிட்டால் பலகை பிளந்துவிடும். பிளந்ததை ஒட்டலாம், பழைய குரல் மட்டும் திரும்பி வராது.

திறக்காமலும் முடியாது. முன்பலகைக்கு அடியில் விசிறிபோல் ஒட்டியிருந்த ஏழு குச்சிகளில் ஒன்று பசை விட்டுப்போய், மூன்றாம் கம்பியைத் தொட்டாலே வண்டு மாதிரி இரைந்தது. முன்பலகையின் துளை வழியாகக் கை எட்டாத மூலை அது. ஞாயிற்றுக்கிழமை கிதாரின் சொந்தக்காரர் எலாடியோவுக்குக் கச்சேரி.

கத்தி நுழைகிற நேரத்தில் சொந்தக்காரர் பட்டறையில் இருக்கக் கூடாது. ஸ்பெயினின் கிரனடாவில் கிதார் செய்கிறவர்களிடையே அதுதான் வழக்கம். கத்தியை எடுக்கும் முன்பே சொல்லிப் பார்த்திருந்தாள்.

"தோன் எலாடியோ, எதிர்க்கடையில ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. பெத்தவங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு யாராவது பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"காபி தொண்டையில இறங்காதும்மா. இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். மூச்சுகூட விடமாட்டேன்."

ஊரே 'தோன்' என்று மரியாதையோடு அழைக்கிற பெரிய மனிதர். எப்படி வெளியே பிடித்துத் தள்ளுவது? கதவைக்கூட முழங்கையால் தள்ளிக்கொண்டுதான் வந்திருந்தார். நகத்தால் மீட்டுகிற அந்த வலக்கையைச் சம்பந்திக்குக்கூடக் குலுக்கக் கொடுக்கமாட்டார் என்று ஊரே கேலி பேசும். இப்போது நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி இடுப்பு வளைவுக்கு வந்தது. பலகை பிளப்பதென்றால் இங்கேதான் பிளக்கும்.

டக்கென்று ஒரு சத்தம்.

காசில்டா கத்தியை அப்படியே நிறுத்தினாள். தொலைந்தேன் என்று நினைத்தாள்.

விளக்கைச் சாய்த்து முதுகின் ரேகைகளைத் தேடினாள். ஒன்றும் இல்லை. நடு இணைப்பைத் தடவினாள். பக்கப் பலகையைத் தட்டிக் கேட்டாள். மீதிப் பசையை இளக்கி முதுகை மெல்லத் தூக்கினாள். முழுசாக வந்தது.

உள்ளே, முன்பலகையையும் பக்கத்தையும் பிணைக்கும் சின்னஞ்சிறு கட்டைகள், செய்தவர் ஒவ்வொன்றாகச் சீவி ஒட்டியவை, வரிசை கலையாமல் இருந்தன. விட்டுப்போன குச்சிகூட ஒடியவில்லை.

அவளுக்குப் பயம் இன்னும் கூடியது. கண்ணுக்குத் தெரியாத கீறல்தான் ஆபத்து. அது மேடையில் வைத்துத்தான் வாயைப் பிளக்கும்.

"சத்தம் கேட்டுச்சுல்ல? எங்கன்னே தெரியலையே." பலகையை மறுபடி விளக்கடியில் பிடித்தாள்.

"கிதாருக்கு ஒண்ணும் ஆகல. நீ ஒட்டற வேலையைப் பாரு தாயி."

அவர் குரல் சரியாக இல்லை. அவள் திரும்பினாள்.

எலாடியோவின் வலக்கை கோட்டுப் பைக்குள் இருந்தது. நாற்காலி விளிம்பில் அவருடைய பெருவிரல் நகத்தின் ஒடிந்த துண்டு, ஒரு பிறை அளவு, ஒட்டிக்கொண்டிருந்தது.

கிதார் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராகிவிடும்.