வளையத்துப் புள்ளி

கடிகாரம் சுகிர்தாவின் கைக்கு வந்த முப்பத்தொரு மணி நேரத்தில், அதைக் கட்டியிருந்தவரின் மனைவி சகாயராணி தேடி வந்துவிட்டாள். சங்கு குளிக்கப் போன கணவர் கடலுக்கடியிலேயே இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கொழுந்தன் கேட்காமல் விற்றுவிட்டானாம்.

சுகிர்தா எண்பதுகளின் ஜப்பானிய குவார்ட்ஸ் டைவர் கடிகாரங்களை, கடலில் மூழ்குபவர்கள் கட்டும் வகையை, சேர்ப்பவள். மேசையில் ஏற்கெனவே எட்டு இருந்தன.

"இதெல்லாம் ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"இவரோடது மட்டும் கீழயே தண்ணி குடிச்சி செத்துட்டு."

சகாயராணி அதைக் கையில் வாங்கி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். நிமிட முள் பத்தில் நின்றிருந்தது.

"குதிக்கும்போது கண்ணாடியச் சுத்தி இருக்க இந்த வளையத்துப் புள்ளிய நிமிஷ முள்ளுக்கு நேரா திருப்பி வப்பாரு. எவ்வளவு நேரம் கீழ இருக்கோம்னு தெரியணும்லா. இருபது நிமிஷத்துல தூக்கிட்டோம்னு படகு ஓனர் சத்தியம் பண்ணுதான். இங்க பாரு, புள்ளி பன்னெண்டுல நிக்கு, முள்ளு பத்துல நிக்கு. அம்பது நிமிஷம். நாளைக்கு விசாரணையில அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுதேன்."

வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். "பத்திரமா வச்சிருந்தியே. நல்லாருப்ப."

சுகிர்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓனர் உண்மையிலேயே பொய் சொல்பவனாக இருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். சகாயராணி கடிகாரத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"அக்கா, எந்தக் கடிகாரம் வந்தாலும் வளையத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, புள்ளியைப் பன்னெண்டுல வைக்கிறது என் பழக்கம். இதையும் நேத்து நான்தான் திருப்பினேன். முதல்ல எங்க நின்னுச்சுன்னு பார்க்கல."