ஹெட் சிஸ்டரின் இங்கிலீஷ்

"தடுக்காத கால்..." என்று பெரியப்பா ஒரு பழமொழி சொல்வார். பின்பாதி வாத்தியாருக்கு மறந்துவிட்டது. அடுத்தவர் இங்கிலீஷில் தடுக்கி விழுவதைப் பிடிப்பதுதான் இப்போது அவர் பிழைப்பு.

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவரை, நர்ஸுகளுக்கு வகுப்பெடுக்க அந்த ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். நிர்வாகி கூடுதலாக ஒரு வேலையும் கொடுத்தார்.

"காலையில ஷிப்ட் மாறும்போது நோயாளிங்க நிலவரத்தை இங்கிலீஷ்லதான் சொல்லிக்குவாங்க. பல மொழிக்காரங்க, வேற வழியில்ல. அதை நடத்துறது ஹெட் சிஸ்டர். அவங்க பேசறதைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. சரியில்லைன்னா ஆளை மாத்திடறேன்."

மறுநாள் காலை வார்டில் ஓரமாக நின்றார்.

"லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் பெட் நம்பர் டூ," என்று ஆரம்பித்தார் ஹெட் சிஸ்டர். "யெஸ்டர்டே ஹி டிட் நாட் ஸ்லெப்ட்."

வாத்தியாருக்குப் பல் கூசியது. டிஸ்கஸுக்குப் பின்னால் அபௌட் எதற்கு? டிட் வந்த பிறகு ஸ்லெப்ட்டா?

நர்ஸுகள் சிரித்தார்கள்.

"சிஸ்டர், இன்னிக்கும் கிராமரைக் காயப்படுத்திட்டீங்க."

"உனக்குத்தானே டிரெஸ்ஸிங் டியூட்டி? கட்டுப் போட்டு விடு. அடுத்து யாரு?"

புதிதாய்ச் சேர்ந்த பெண்ணுக்கு 'சைலன்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுவரில் அந்தப் போர்டுக்குக் கீழேயே நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அன்று திறந்தாள்.

"பெட் நம்பர் ஃபைவ்... லெக் ஆர் ஸ்வெல்லிங். ஒன் லெக் ஒன்லி. ஃப்ரம் நைட்."

ஹெட் சிஸ்டர் அதற்குள் ஐந்தாம் கட்டிலருகே போயிருந்தார். டாக்டர் ஓடி வந்தார். காலில் ரத்தம் உறைந்திருந்தது. நல்லவேளை, நேரத்தோடு தெரிந்தது.

அப்புறம் வாத்தியார் ஹெட் சிஸ்டரின் அறைக்குப் போனபோது, அவர் அந்த நோயாளியின் வெளிநாட்டு மருமகளிடம் போனில் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தார். சுத்தமான இங்கிலீஷ். ஒரு சொல் இடறவில்லை.

"அப்போ காலையில பேசினது?"

"கேட்டுட்டீங்களா?" போனை வைத்தார். "முன்னெல்லாம் வார்டுலயும் இப்படித்தான் சார் பேசுவேன். எல்லாரும் வாயடைச்சு நிப்பாங்க. ஒரு நர்ஸ், நோயாளிக்கு மூச்சு வாங்குறதைப் பார்த்திருக்கா. என் எதிர்ல தப்பா சொல்லிடுவோமோன்னு மனசுக்குள்ளேயே வாக்கியத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, சொல்லாமலே வீட்டுக்குப் போயிட்டா. அந்த மனுஷன் பிழைக்கலை."

வாத்தியார் கேட்டார்.

"நிர்வாகிகிட்ட சொல்லியிருக்கலாமே? உங்களை மாத்தறதா இருக்கார்."

"சொன்னா, எல்லார் முன்னாடியும் பாராட்டித் தொலைப்பார் சார். அப்புறம் யாரு என்னைப் பார்த்துச் சிரிப்பா?"

தடுக்காத கால், நடக்காத கால். மறந்த பாதி வந்துவிட்டது.

நிர்வாகியிடம், "ஆளை மாத்த வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் நர்ஸுகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சைலன்ஸ்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டுடே, லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் கிராமர்."