கொத்தனார் கை

"வாயத் தொறய்யா, ஆறிடப் போவுது" என்று இட்லியைப் பிட்டு ஊட்டினாள் ஆரோக்கியசெல்வி. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து பெஞ்சுக்காரி, "கட்டுனா இப்பிடி ஒருத்தியக் கட்டணும். குடுத்து வச்சவருங்க நீங்க" என்றாள்.

ஜெயசீலன் இட்லியை மென்றபடி மனைவியையே பார்த்தான். கிருமாம்பாக்கத்தில் அவன் எழுப்பிய சுவர் நூல் பிடித்தாற்போல் நிற்கும். அந்தக் கை இப்போது அதுபாட்டுக்கு ஆடுகிறது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான், கடைவாயில் எச்சில் வழிகிறது.

இந்தக் கைதானே அவளைப் போட்டு அடித்தது! குடித்துவிட்டு வந்து விட்ட அறையில் ஒருமுறை அவள் பல்லே தெறித்தது. பட்டால்தானே புத்தி வரும்? இப்போது சாராயக்கடைக்குப் போகவும் தெம்பில்லை, சண்டை போடவும் வாய் வரவில்லை. ஆண்டவர் தண்டித்துவிட்டார் என்று தினமும் உள்ளுக்குள் அழுதான்.

அவளோ ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. வேளாவேளைக்குச் சோறு, டீ. அவன் டம்ளரை மட்டும் மகள் தொட்டால் வெடுக்கென்று பிடுங்கிவிடுவாள். வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாள், பாவம். அதற்கெல்லாம் கோபிக்க முடியுமா?

பேர் கூப்பிட்டார்கள். சென்னையில் எடுத்து வந்த மூளை ஸ்கேனை டாக்டர் சிவப்பிரகாசம் கம்ப்யூட்டரில் போட்டார். பார்க்கின்சன் என்றால் ஆயுசுக்கும் மாத்திரைதான், முழுசாகக் குணமாகாது என்று போனமுறையே சொல்லியிருந்தார். ஜெயசீலன் மாதாவை வேண்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

"இங்க பாருங்க. ரெண்டு பக்கமும் கமா மாதிரி பளிச்னு தெரியுதா? பார்க்கின்சன்னா இது தேஞ்சி புள்ளியாயிருக்கும். உங்களுக்கு அது இல்ல."

"அப்ப கை ஏன் சார் ஆடுது?"

"மனநோய்க்குக் குடுக்கற சில மருந்து உள்ள போனா இதே நடுக்கம் வரும். அப்படி ஏதாவது சாப்பிடறீங்களா?"

"சத்தியமா இல்ல சார். இவ குடுக்கற சோறு, டீ, அவ்ளோதான்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "குடிய நிறுத்தறதுக்குன்னு அந்த மாதிரி சொட்டு மருந்து ஏதாவது சோத்துல, டீல கலக்கறியாம்மா? இந்தப் பக்கம் நிறைய வீட்ல நடக்கறதுதான், பயப்படாம சொல்லு. அத நிறுத்தினா கொஞ்ச மாசத்துல பழைய மனுஷனா எழுந்துடுவார்."

ஜெயசீலன் காதில் கடைசி வார்த்தைகள்தான் விழுந்தன. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. "கேட்டியாடி, பழையபடி ஆயிடுவனாம்!" என்று அவள் கையைப் பிடித்தான்.

ஆரோக்கியசெல்வி கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"பழைய மனுசன் வேணாம் சார், எனக்கு இந்த ஆளே போதும்."