இறக்கையில் எழுதிய பெயர்

நூலகத்துக்குப் புதிதாக வந்த மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருந்தது: உபயம், இருதயராஜ், மளிகைக்கடை. அந்தப் பெருமையில் அது சுற்றவே மறுத்தது.

"சுவிட்ச் போட்டாச்சு, சுத்தேன்" என்றது கீழே இருந்த மேஜை.

"சுத்தினா பேரை எப்படிப் படிப்பாங்க? கொடுத்தவரை மறக்கலாமா?"

"படிக்க வந்தவங்க வேர்த்து ஊத்தி எழுந்து போறாங்களே!"

"பேரைப் பார்த்துட்டுத்தானே போறாங்க."

மறுநாள் உச்சி வெயிலில் இருதயராஜே பேப்பர் படிக்க வந்தார். விசிறி அவர் பெயர் இருந்த இறக்கையை அவருக்கு நேராகக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம பேரு ஜோராத்தான் இருக்கு. காத்துதான் வரல" என்று எழுந்துவிட்டார்.

விசிறிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மளமளவென்று சுற்ற ஆரம்பித்தது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வெளியே மரத்தடியில் நின்றவர்களும் அவர் பின்னாலேயே உள்ளே வந்தார்கள்.

"மேஜை, பேரு தெரியுதா?" என்று விசிறி கவலையோடு கேட்டது.

"ஓர் எழுத்துகூடத் தெரியல."

"ஐயோ! அவர் தேடுறாரா?"

"எங்க! சினிமா பக்கத்துல மூழ்கிட்டாரு. பேசாம சுத்து."