பெட்ரோல் பங்க் வரை மழை

மழைமானியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

அவர் தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

ஆள் தொப்பலாக நனைந்திருக்கிறார். மானி காய்ந்து கிடக்கிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

காலை ஏழரைக்கு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. தை மாதத்துக்குப் பிறகு கமுதியில் முதல் மழை. பத்தே நிமிடம். எல்லோரும் கடைக்குள் ஒதுங்க, அவர் மட்டும் கிளாஸை வைத்துவிட்டு நடுரோட்டில் போய் நின்றார்.

பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். பெட்ரோல் பங்க் வரை ரோடு ஈரம். அதைத் தாண்டினால் புழுதி.

தினமும் எட்டரைக்கு மழையை அளந்து, பதிவேட்டில் எழுதி, போனில் மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை அது. மறுநாள் பேப்பரில் மழை பெய்த ஊர்களின் பட்டியல் வரும். சைபர் என்றால் ஊர்ப் பெயரே வராது.

அந்தப் பட்டியலைச் செங்கோட்டையில் ஒருத்தி தினமும் பார்க்கிறாள்.

சங்கரேஸ்வரி. அவர் மனைவி.

ஆனியில் வீட்டு போர்வெல் வற்றியது. குடம் சுமந்து முழங்கால் வீங்கி, தங்கை வீட்டுக்குப் போனவள். அங்கே அப்போதே சாரல். இங்கே ஐப்பசியில் வந்தால்தான் உண்டு. "இந்த வாரம் பெஞ்சிரும்" என்று வாரா வாரம் போனில் சொல்லிச் சொல்லி, அவர் பேச்சுக்கு மரியாதை போய்விட்டது.

"உங்க வாய் பொய் சொல்லும். எழுதுற கை சொல்லாது," என்றாள் கடைசியாக. "பேப்பர்ல நம்ம ஊர் பேரு வரட்டும். வாரேன்."

நாலு மாதமாக ஒற்றை ஆளுக்குப் பொங்கி, ஒற்றை ஆளாகத் தின்கிறார். பேசுவதற்குச் சுவர்தான்.

சட்டையைக் கழற்றினார். மானியின் வாய்க்கு மேல் பிடித்து முறுக்கினார்.

திருட்டுத் தண்ணீரா இது? இதே ஊர் மழை. அரைக் கிலோமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அளவு கிளாஸில் ஊற்றிப் பார்த்தார்.

நாலு மில்லிமீட்டர்.

பேனாவை எடுத்தார். நாலு என்று எழுதினால் நாளை மறுநாள் அவள் வாசலில் நிற்பாள்.

எழுதக் கை ஓடவில்லை.

அவள் இன்னும் நம்புவது இந்தக் கையை மட்டும்தான்.

கிளாஸை வேப்பமரத்தடியில் கவிழ்த்தார். சைபர் என்று எழுதினார். மாவட்டத்துக்கும் அதையே சொன்னார். ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

முறுக்கிய சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினார். அங்கே மாறி, ராஜபாளையத்தில் மாறி, செங்கோட்டைக்கு எப்படியும் நாலரை மணி நேரம்.

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னண்ணே, மழையா? எங்க?"

"நம்ம ஊர்லதான்."

கண்டக்டர் வெளியே பார்த்தார். சுள்ளென்று வெயில். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பஸ் வேகம் எடுத்தது. ஜன்னலில் அனல் காற்று. தோள்பட்டையில் துணி காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.

எழுந்து ஜன்னலைச் சாத்தினார். முன் சீட்டு ஜன்னலையும் கேட்டுச் சாத்தினார்.

பிறகு கையைக் கட்டி, நெஞ்சுப் பக்கத்து ஈரத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.