தப்புக்கு ஒரு கேக்

இந்த வெள்ளிக்கிழமையும் கேக் கொண்டு வந்தது பேராசிரியர் இங்கெர்தான்.

ஆர்ஹூஸ் நகரத்தில் அந்த மண் ஆய்வுக்கூடத்தின் வழக்கம் அது. தப்பு செய்தவர் கேக் வாங்கி வர வேண்டும். என்ன தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும்.

"மறுபடியும் இவங்களா?" யெப்பே, சக மாணவி மாரெனின் காதைக் கடித்தான். "பல்கலைக்கழகத்துக்கே ஆராய்ச்சி நேர்மை வகுப்பு எடுக்குறாங்க. வாரம் தவறாம சொதப்பறதும் இவங்கதான்!"

"வாயை மூடிட்டுத் தின்னுடா. கேக் நல்லாயிருக்கு."

இங்கெர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "போன வார அட்டவணையில ஒரு வரிசையை ரெண்டு தடவை கூட்டித் தொலைச்சிட்டேன். திருத்தியாச்சு. யாருக்கு இன்னொரு துண்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். யெப்பே மட்டும் தன் தட்டைத் தள்ளி வைத்தான்.

அவனிடமும் ஒரு தப்பு இருந்தது. உரம் போட்ட மண், போடாத மண், இரண்டு டப்பாக்களின் லேபிளையும் மாற்றி ஒட்டியிருந்தான். அவனுடைய முதல் கட்டுரையின் பிரமாதமான முடிவே அந்தக் குளறுபடியில் வந்ததுதான். திங்கட்கிழமை கட்டுரை ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போகிறது. சொன்னால் ஒரு வருட உழைப்பு குப்பைக்கு. சொல்லாவிட்டால் ஒரு ஈ, காக்கைக்கும் தெரியாது.

இங்கெரைப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் தன் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிட்டு, ஜாலியாக விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரக் கேக் என்னோடது" என்றான் சட்டென்று. எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.



"கட்டுரையை நிறுத்திடுவோம். திரும்பச் செய்யலாம், நானும் கூட இருக்கேன்" என்றார் இங்கெர். "ஆப்பிள் கேக்கா கொண்டு வா. சாக்லேட் தின்னுத் தின்னு அலுத்துப்போச்சு."

யெப்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

எல்லோரும் போன பிறகும் மாரென் நகரவில்லை.

"இங்கெர், அந்த அட்டவணையை நான்தானே சரிபார்த்தேன்? அதுல தப்பே இல்லையே! நேர்மை வகுப்பு எடுக்கிற நீங்களே இப்படிப் புளுகலாமா?"

இங்கெர் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வேலை போயிடும்னு பயம் இல்லாதவ முதல்ல ஒத்துக்கிட்டாத்தானே, பயப்படுற பிள்ளைங்க வாயைத் திறக்கும்? அதுக்காக வாராவாரம் தப்புக்கு நான் எங்கடி போறது?"